மாடி அறை ஃபோக் கிளப்பில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதைப் பாடுவது?

#1 வெட்டிவேர்

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு யார்க்‌ஷையரில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மூன்று மாதமாக வியாழக்கிழமை இரவுகளில் ஒரு பப்பின் மாடி அறைக்குப் போய்வருகிறேன். குடிப்பதற்கு மட்டும் அல்ல. அங்கே ஒரு ஃபோக் கிளப், அதாவது நாட்டுப்பாட்டு பாடிக் கேட்கும் கூட்டம், நடக்கிறது.

அறையில் நாற்பது நாற்காலி. மேடை இல்லை, மைக் இல்லை. எதிரே ஒரு பழைய கம்பளம் விரித்திருக்கிறது, அதன்மேல் நின்று பாட வேண்டும். மாதத்தில் இரண்டு வியாழன் வெளியூரிலிருந்து பணம் கொடுத்து வரவழைக்கும் விருந்தினர். மற்ற வியாழன்களில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டு. விருந்தினர் வரும் நாளிலும் அவருக்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் தலைக்கு இரண்டு பாட்டு பாடலாம். இவர்களை ஃப்ளோர் சிங்கர் என்கிறார்கள்.

நான் போன முதல் நாள், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கம்பளத்தில் வந்து நின்று, துணிப்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். சாப்பாட்டு டப்பா என்றுதான் நினைத்தேன். மடியில் வைத்துத் துருத்தியை மெல்ல அசைத்தார். நம் சுருதிப் பெட்டி! பெயரைக்கூட மாற்றவில்லை, ஷ்ருதி பாக்ஸ் என்றே சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, கடலில் போனவனைப் பற்றி ஏழு நிமிடம் பாடினார். ஒருவர் இருமவில்லை. ஒவ்வொரு கண்ணியின் கடைசி அடிக்கும் அறை முழுவதும் சேர்ந்துகொண்டது, அதுவும் ஆளுக்கொரு சுரத்தில். கீழேயிருந்து காலிக் கோப்பைகளை எடுக்க வந்த பையன் பாட்டு முடியும்வரை வாசற்படியிலேயே தட்டோடு நின்றான்.

இப்போது விஷயம். நிகழ்ச்சியை நடத்துபவர் ஓய்வு பெற்ற தபால்காரர். போன வாரம் என் தோளில் தட்டி, “அடுத்த மாதம் உனக்கு இரண்டு பாட்டு, உன் ஊர்ப் பாட்டு” என்றார். எனக்குப் பாட வராது என்றேன். “அந்தக் காரணத்துக்காக இங்கே யாரும் பாடாமல் இருந்ததில்லை” என்றார்.

என்னிடம் இருப்பது அப்பாயி பாடிய பாட்டுகள்தான். நடவுப் பாட்டு அரைகுறையாக நினைவிருக்கிறது. தாத்தா செத்தபோது அப்பாயி வைத்த ஒப்பாரி மட்டும் வரி பிசகாமல் மனதில் இருக்கிறது. ஒப்பாரியைப் பாடலாமா? இல்லை, கிட்டார் வைத்துக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டைப் பாடிவிட்டு இறங்கிவிடலாமா?

#2 லீட்ஸ்_மாமி

சாவு விழாத இடத்தில் ஒப்பாரியா? நன்றாக இருக்கிறது! விளக்கு வைத்த நேரத்தில் அதை முணுமுணுத்ததற்கே என் பாட்டியிடம் நான் வாங்கியது இன்னும் முதுகில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். பன்னிரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் என்னை ஒருவரும் பாடக் கூப்பிடவில்லை. பாட வராது என்கிறவருக்கு இரண்டு பாட்டு! அந்தத் தபால்காரர் முகவரியைக் கொஞ்சம் கொடுங்கள்.

#3 நாற்காலி_எண்_12

தம்பி, சினிமாப் பாட்டு வேண்டாம். அவர் “உன் ஊர்ப் பாட்டு” என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. படிக்க வந்து 1974 முதல் இந்த மாடி அறைகளில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் சொல்கிறேன்.

1950களின் நடுவில் லானி டானகன் என்ற பாடகர் புண்ணியத்தில் இங்கே ஸ்கிஃபிள் என்றொரு பைத்தியம் பிடித்தது. கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிய பேஸ். காசில்லாத பையன்களெல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிறைப் பாட்டையும் ரயில் பாட்டையும் பாடத் தொடங்கினார்கள். அந்த அலை வடிந்தபோது கரையில் தங்கியவைதான் ஃபோக் கிளப்புகள். உங்கள் பக்கத்து பிராட்ஃபோர்டில் உள்ள டாபிக் ஃபோக் கிளப் 1956இல் தொடங்கியது. இருப்பவற்றில் அதுதான் மூத்தது என்பார்கள்.

லண்டனில் யூவன் மக்கோல், பெகி சீகர் என்ற பாடகர்கள் நடத்திய சிங்கர்ஸ் கிளப்பில் ஒரு கட்டளையே போட்டார்கள்: மேடையில் பாடுபவர் தன் நாட்டின், தன் மொழியின் பாட்டைத்தான் பாட வேண்டும். லண்டன் பையன் மிசிசிப்பிக் கைதியின் உச்சரிப்பில் பாடுவது அவர்களுக்குக் கேலிக்கூத்தாகப் பட்டது. சண்டை நாறியது. பாட்டுக்கும் பாஸ்போர்ட்டா என்று பாதிப் பேர் வெளியேறினார்கள். இதில் வேடிக்கை, மக்கோலின் இயற்பெயர் ஜிம்மி மில்லர். பிறந்தது மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதால் ஸ்காட்லாந்துப் பாட்டு தன் சொத்து என்று பாடினார். சட்டம் போட்டவரே எல்லையில்தான் நின்றார்!

இன்று அந்தக் கட்டளை எங்கும் இல்லை. வாசனை மட்டும் இருக்கிறது. தபால்காரர் உங்களை வெளியாள் என்று ஒதுக்கி அப்படிச் சொல்லவில்லை. “உன் வீட்டில் என்ன இருக்கிறது, கொண்டுவா” என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நடைமுறைக்குச் சில. பாட்டுக்கு முன்னுரை ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து நிமிடம் பேசி மூன்று நிமிடம் பாடுகிறவரை எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் பிடிக்காது. கைபேசியைப் பார்த்துப் பாடாதீர்கள், அதற்கென்றே ஒரு தனிச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு என்றால் இரண்டு. விருந்தினர் காத்திருக்கும்போது மூன்றாவது பாட்டுக்குத் தொண்டையைக் கனைக்காதீர்கள்.

#4 நெல்லைத்_தகரம்

எல்லாரும் மெய்ம்மறந்திருக்கிறீர்கள், கெடுப்பதற்கு மன்னிக்கவும். நானும் இரண்டு முறை இப்படிப்பட்ட இடத்துக்குப் போயிருக்கிறேன். ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்கள் முப்பது பேர் உட்கார்ந்து சுரங்கத் தொழிலாளியின் பாட்டைப் பாடுகிறார்கள். யார்க்‌ஷையரின் கெல்லிங்லி நிலக்கரிச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. இந்த நாட்டின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கம் அது. அங்கே வேலை பார்த்தவன் எவனாவது அந்த அறையில் இருந்தானா? வேலையைத் தொலைத்தாயிற்று, வேலைப் பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இரண்டு கிளாஸ் பீரோடு பார்க்கிறார்கள்.

வெட்டிவேர், உங்கள் அப்பாயி நடவுப் பாட்டுக்குக் கைதட்டல் கேட்கவில்லை. கூலி கேட்டார்.

#5 மருதக்கிளி

தகரம் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, ஆனால் இந்தக் குற்றச்சாட்டு கிளப் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1903இல் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில், பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஜான் இங்லண்ட் என்ற தோட்டக்காரர் தன்பாட்டுக்குப் பாடுகிறார். விருந்தாளியாக வந்திருந்த சிசில் ஷார்ப் உடனே அதை எழுதிக்கொள்கிறார். அன்று மாலையே அது பியானோ துணையோடு சபையில் ஏறிவிட்டது. தோட்டக்காரர் வாயிலிருந்து பியானோவுக்கு ஒரு பகல்தான் தூரம். பிறகு ஷார்ப் ஆயிரக்கணக்கில் திரட்டினார். அச்சில் போடும்போது ‘கொச்சை’ வரிகளைச் சலவை செய்தும் விட்டார்.

நம் பக்கமும் அப்படித்தான். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய தமிழ் நாட்டுப்பாடல்களைப் பதிப்பித்தவர் கி.வா.ஜகந்நாதன். எழுதியவர் எல்லாம் மரத்தடியில் நின்றார், பாடியவர் சேற்றில் நின்றார். ஆய்வாளர் நா.வானமாமலையும் அவருடைய மாணவர்களும் வந்த பிறகுதான் பாடியவர் யார், எந்தச் சாதி, என்ன வேலை என்ற கேள்வியே பாட்டோடு சேர்த்துக் கேட்கப்பட்டது. தகரத்தின் கோபத்துக்கும் அதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

ஒப்பாரி பற்றி: மாமி சொல்கிற தீட்டு எனக்குப் பெரிதில்லை. ஆனால் ஒப்பாரியில் செத்தவரின் பெயர் இருக்கும், முறை இருக்கும், அழுகிறவளின் குறை இருக்கும். ‘நீ போனாய், எனக்குக் கொண்டவன் வீட்டில் மதிப்புப் போயிற்று’ என்று ஊரறியச் சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. தாத்தாவின் பெயரையும் அப்பாயியின் குறையையும் எடுத்துவிட்டால் ராகம்தான் மிஞ்சும். எடுக்காமல் பாடினால் குடும்ப விவகாரம் பப்பில் அவிழும். எது சரியென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலீஷ்காரர்கள் கொலையும் தூக்கும் பிணமுமாகப் பாடிவிட்டுச் சிரித்துக்கொண்டே ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) டிக்கெட் வாங்குகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் பாடும் பிணம் முந்நூறு வருடப் பழசு.

#6 வெட்டிவேர்

தகரம், கூலி கேட்டது உண்மை. பாடினால் கை வேகமாக ஓடும் என்று நடவு மேஸ்திரியே பாடச் சொல்வாராம். அப்பாயி அதை நக்கலாகச் சொல்வார்: “பாட்டு எங்களது, வேகம் அவனுக்கு.” இருந்தும், வீட்டில் அரிசி புடைக்கும்போதும் அவர் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். அங்கே மேஸ்திரி கிடையாது.

மருதக்கிளி, ஒப்பாரியை வைத்துவிட்டேன். தாத்தா பெயர் அதில் நாலு இடத்தில் வருகிறது.

இதற்கிடையில் வேறொரு தலைவலி. பப்புக்குப் புதிய மேலாளர் வந்திருக்கிறார். மாடியில் பாடுவதற்குத் தனி உரிமம் வேண்டும், இல்லையென்றால் நிறுத்துங்கள் என்கிறார். அந்த அறையில் பெரிய டிவி மாட்டிக் கால்பந்து போடும் ஆசை என்று கீழே பேச்சு. உரிமம் பற்றி யாருக்காவது தெரியுமா?

#7 சட்டைப்பை

சுருக்கமாக. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொருந்தும்.

முன்பு உரிமம் இல்லாமல் ஒரு பப்பில் இரண்டு பேர் வரை வாசிக்கலாம் என்ற விதி இருந்தது. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அது ஒழிந்தது. மூலையில் ஒருவர் பிடில் வாசிக்கக்கூட அனுமதி தேவைப்பட்டது. ஏழு வருடக் கூச்சலுக்குப் பிறகு 2012 அக்டோபரில் நேரடி இசைச் சட்டம் வந்தது. அதன்படி மைக், ஸ்பீக்கர் இல்லாத நேரடி இசைக்குக் காலை 8 முதல் இரவு 11 வரை உரிமம் வேண்டாம். மது விற்கும் உரிமம் உள்ள பப் என்றால், ஒலிபெருக்கி வைத்தாலும் 200 பேர் வரை பரவாயில்லை என்றார்கள். 2015இல் அதை 500 ஆக்கினார்கள்.

உங்கள் நாற்பது நாற்காலிக்கு மேலாளர் சொல்வது எடுபடாது. ஆனால் பதிப்புரிமைக் கட்டணம் தனி விஷயம், அதை பப் கட்டுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறையைத் தரமாட்டேன் என்று அவர் சொன்னால் அதற்கு எந்தச் சட்டமும் உதவாது. அறை அவருடையது.

#8 கடலோடி

வணக்கம். நான் வல்வெட்டித்துறை, இப்போது ஹல் நகரில் இருக்கிறேன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லோரும் வயலிலேயே நிற்கிறீர்கள், கடலுக்கு ஒருவரும் வரவில்லை.

தம்பி வெட்டிவேர், அம்பாப் பாட்டைப் பாடுங்கள். கரைவலை இழுக்கும்போது முன்னால் நிற்பவர் ஓர் அடி சொல்லுவார், கயிற்றில் நிற்பவர்கள் எல்லோரும் ‘ஏலேலோ’ என்று பதில் சொல்லுவார்கள். அந்தப் பதிலில்தான் கயிறு அசையும். எங்கள் அப்பா சொல்லுவார், பாட்டு நின்றால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்து வலை கிழியும் என்று. சொல்லுகிற அடியில் என்னவும் வரலாம். சாமி வரும், சம்மாட்டியை (வலை முதலாளியை) பற்றிய குத்தல் வரும், கேட்கக் கூடாததும் வரும்.

இங்கே பாய்க்கப்பல் மாலுமிகளின் ஷாண்டிப் பாட்டு முழுக்க இதே கட்டுத்தான். ஒருவர் சொல்ல, எல்லோரும் இழுக்க. ஹல்லில் ஒரு கிளப்புக்கு நான் போயிருக்கிறேன். அவர்கள் பதில் அடிக்கு வாயைத் திறந்தபோது என் கை தானாகக் கயிற்றைத் தேடியது. அந்தச் சனத்துக்குப் பதில் சொல்லுவதற்கு ஒரு சொல் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளுவார்கள். இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள்.

#9 லீட்ஸ்_மாமி

கடலோடி சொல்வது நல்ல யோசனை. என் பங்குக்கு: பதற்றத்தில் எல்லோரும் மேலே எடுப்பார்கள், மூன்றாவது அடியில் மூச்சுத் திணறும். ஒன்று, மிஞ்சிப் போனால் ஒன்றரைக் கட்டை (சுருதி உயரம்), அதில் நில்லுங்கள். அந்த அம்மாவின் பெட்டி எந்தக் கட்டை என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை நீங்களே அசைக்க வேண்டாம். கை பெட்டியைப் பார்க்கும், வாய் பாட்டைப் பார்க்கும், இரண்டும் தொலையும்.

சுருதிப் பெட்டி அங்கே எப்படிப் போயிற்று என்று ஆச்சரியப்பட வேண்டாம். இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் பாடகி ஷீலா சந்திரா இங்கிலாந்துக் கதைப்பாடல்களை ஆதார சுருதியின்மேல் நம் கமகத்தோடு பாடியதைக் கேட்டுப்பாருங்கள். துணையில்லாமல் ஒற்றைக் குரலில் பாடுகிறவர்களுக்கு அந்த ரீங்காரம் தரையில் காலை ஊன்றியது போல.

தபால்காரர் முகவரி இன்னும் வரவில்லை.

#10 நெல்லைத்_தகரம்

சரி, கேள்வியை மாற்றுகிறேன். அந்த அறையில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர்? விருந்தினருக்கு என்ன கொடுக்கிறார்கள்? அவருக்குப் பெட்ரோல் காசாவது தேறுமா?

#11 நாற்காலி_எண்_12

வயதுக் கேள்விக்கு வெட்டிவேர் பதில் சொல்லட்டும். பணத்துக்கு நான் சொல்கிறேன், ஆறு வருடம் ஒரு கிளப்பின் கணக்கைப் பார்த்த பாவி.

நாங்கள் ஒரு தொகையை உறுதி சொல்லுவோம், 250 பவுண்டு என்று வையுங்கள். வாசல் வசூலில் எண்பது சதவீதம் அதைவிடக் கூடுதலாக வந்தால் அந்தப் பெரிய தொகையைக் கொடுப்போம். மழை நாளில் பத்து பவுண்டு டிக்கெட்டுக்குப் பத்தொன்பது பேர் வருவார்கள், 190. மிச்ச அறுபதை எங்கே தேடுவது? அதற்குத்தான் ராஃபிள். பரிசுப் பொருள் எல்லாம் உறுப்பினர் வீட்டிலிருந்தே வரும். ஒரு பாட்டில் ஒயின், ஒரு சாக்லேட் டப்பா, போன மாதம் யாரோ ஜெயித்து வேண்டாமென்று திருப்பிக் கொண்டுவந்த அதே குளியல் சோப்பு. ஒரு லாவண்டர் சோப்பு எங்கள் கிளப்பில் ஒன்றரை வருடம் சுற்றியது. விருந்தினர் ஓட்டலில் தங்க மாட்டார். எங்கள் வீட்டு மாடியில் படுத்து, காலையில் முட்டை சாப்பிட்டு, அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டுவார். குறுந்தட்டு விற்ற காசுதான் அவருக்கு லாபம். இப்போது குறுந்தட்டு போட வீட்டில் கருவி இல்லை என்று அதையும் வாங்குவதில்லை. தகரம் கேட்டதற்கு நேர்ப் பதில்: பெட்ரோலுக்குத் தேறும், அதற்குமேல் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

#12 வெட்டிவேர்

நாற்பதுக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் மெலோடியன் (சின்ன அக்கார்டியன்) வாசிக்கும் பெண். இன்னொருவன் நான், எனக்கு 38. இன்னும் இரண்டு வருடம் கணக்கில் இருப்பேன்.

#13 வெட்டிவேர்

பாடிவிட்டேன். நேற்றிரவு. தூங்கவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அறை. சட்டைப்பை எழுதியதைத் தபால்காரர் அச்செடுத்துக்கொண்டு போனார். மேலாளர் படித்தார், தலையாட்டினார், மறுவாரம் அறையில் டிவி வந்துவிட்டது. இப்போது கிரிக்கெட் கிளப்பின் பெவிலியனில் நடக்கிறது. ஹீட்டர் டக்டக்கென்று சத்தம் போடுகிறது. பாடத் தொடங்குமுன் ஒருவர் எழுந்துபோய் அதை அணைப்பார், கைதட்டல் முடிந்ததும் போடுவார். அது அவருடைய பதவியாகவே ஆகிவிட்டது.

நடவுப் பாட்டின் விட்டுப்போன வரிகளுக்காக ஊரில் அத்தையை அழைத்தேன். “அதையெல்லாம் எதற்கு அங்கே போய்ப் பாடுகிறாய்?” என்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு கண்ணி பாடினார். மூன்றாவது வரவில்லை. பக்கத்து வீட்டு ஆத்தாளைக் கூப்பிட்டார். அவருக்கு வேறு மூன்றாவது கண்ணி தெரிந்திருந்தது. இரண்டு பேரும் எது சரியென்று கால் மணி நேரம் தர்க்கம் செய்தார்கள், நான் லைனில் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

நேற்று முதல் பாட்டு அதுதான். இரண்டாவது கண்ணி முடிந்தது. மூன்றாவது? சுத்தமாக மறந்துவிட்டது. அத்தை சொன்னதும் வரவில்லை, ஆத்தாள் சொன்னதும் வரவில்லை. ஹீட்டர் வேறு அணைந்திருந்ததால் மௌனம் மலை மாதிரி இருந்தது. முன்வரிசையில் தபால்காரர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அடி முடியும் ‘தில்லாலே’வைத் தானே எடுத்தார். ‘டில்லாலி’ என்றுதான் வந்தது. அறை சேர்ந்துகொண்டது. மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், சர்ச்சில் பாடுவது போல அடுக்கடுக்காக. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேகம் பாதியாகிவிட்டது. அந்த வேகத்தில் நட்டால் பொழுது சாயக் கால் ஏக்கர்கூட முடியாது, அப்பாயி எல்லோரையும் வரப்பில் ஏற்றியிருப்பார். அவர்கள் சுற்றிச் சுற்றிப் பாடிய அந்த அரை நிமிடத்தில் எனக்கு மூன்றாவது கண்ணி வந்தது. ஆத்தாளுடைய கண்ணி.

இரண்டாவது, கடலோடி அண்ணன் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்த அம்பா. அந்த அம்மா பெட்டியைப் பிடித்தார், மாமி சொன்ன ஒரு கட்டை. இது தடதடவென்று போனது. பின்வரிசையில் இரண்டு பேர் இல்லாத கயிற்றை நிஜமாகவே இழுத்தார்கள்.

இடைவேளையில் அந்த அம்மா, வயல் பாட்டு, கடல் பாட்டு இரண்டும் ஆயிற்றே, சாவுக்குப் பாட்டு உண்டா உங்களுக்கு என்று கேட்டார். உண்டு என்றேன். பாடச் சொல்லவில்லை. யாருக்காகப் பாடியது என்று மட்டும் கேட்டார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அதைச் சரியாகச் சொல்லப் பழகும்வரை மூன்று முறை திருப்பிச் சொன்னார்.

ராஃபிளுக்கு நான் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை விருந்தினரே ஜெயித்தார். டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இரண்டாம் பகுதியை ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினார்.

#14 கடலோடி

ஒலிப்பதிவு இருக்கிறதா தம்பி?

#15 வெட்டிவேர்

இல்லை அண்ணா. அங்கே யாரும் கைபேசியை எடுப்பதில்லை. நீங்கள் ஒரு வியாழன் ஹல்லிலிருந்து வந்தால் நேரிலேயே கேட்கலாம். விருந்தினர் இல்லாத உறுப்பினர் இரவுக்கு வாசலில் மூன்று பவுண்டு, பாடுகிறவரும் கொடுக்க வேண்டும். மாமிக்கு முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#16 நெல்லைத்_தகரம்

அந்த மூன்றாவது கண்ணி என்ன என்று எழுதவில்லையே. அத்தையுடையது, ஆத்தாளுடையது, இரண்டையும் எழுதுங்கள்.

என் அம்மா தாமிரபரணிக் கரையில் முப்பது வருடம் நடவுக்குப் போனவர். வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இந்த இழையைப் பற்றி நேற்றுப் பேச்சுவாக்கில் சொன்னேன். “எந்தப் பாட்டு, தில்லாலேயா?” என்றார். எங்கள் பக்கம் மூன்றாவது கண்ணி வேறாம். போனில் பாட வெட்கப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை தங்கையை அனுப்பி எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.